ஐந்தாவது பாடத்துக்குப் பூக்கட்டிப் பார்த்தது

மாடம்பாக்கம்,
ஆவணி மாதம், திங்கட்கிழமை.

அன்பு மகள் ஹேமாவதிக்கு அம்மா எழுதுவது. எல்லையம்மன் காவலில் நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அந்த மட்டில் இங்கே சுகம், நீ அந்தத் தூர ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயிலில் யார் யார் இருந்தோம் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன், வெற்றிவேல் உனக்குப் போன் போட்டு வேறு மாதிரி சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். உன் பெரியப்பா தட்சிணாமூர்த்தி, பெரியம்மா முனியம்மா, அவர்கள் மகன் வெற்றிவேல், உன் அப்பா, நான், பூசாரி, பூப்பொட்டலம் எடுத்துக் கொடுத்த சின்மயி என்கிற சின்னப் பெண், அவளுடைய தாய். பக்கத்து வீட்டு பியூலா டீச்சர் எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார், சத்தம் கேட்டுத்தான் உள்ளே ஓடி வந்தார். இவ்வளவு பேர்தான், வேறு யாரும் பார்த்ததாகச் சொன்னால் நம்பாதே. அப்பாவின் போன் உடைந்துபோனதாலும், வாயால் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன் என்பதாலும் தாளில் எழுதுகிறேன், டீச்சர் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ கேட்டதில் ஒரு தப்பும் இல்லை, அதை முதலில் மனதில் போட்டுக்கொள். இங்கே இரண்டு வருஷம் சிவில் படித்துவிட்டு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனாய், முதல் செமஸ்டருக்கு ஐந்து பாடம் எடுக்க வேண்டும், நாலு முடிவாகிவிட்டது, ஐந்தாவதுக்கு இரண்டில் ஒன்று, கட்டட வேலையை எடுத்து நடத்துகிற பாடமா, மழைத் தண்ணீரும் வெள்ளமும் பற்றிய பாடமா என்று எங்களைக் கேட்டாய். தண்ணீர்ப் பாடத்தில் ஒவ்வொருவரும் தன் ஊர் ஏரியையோ குளத்தையோ எடுத்துக்கொண்டு, முன்பு தண்ணீர் எந்த வழியாகப் போயிற்று, இப்போது எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது என்று படம் போட்டுக் காட்ட வேண்டும் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து உன் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தண்ணீர் கேன் போட்டுவிட்டு வருகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு நம் தாங்கல் ஏரிக் கரை மேல் நடந்துகொண்டே போனில் படம் பிடித்துப் பேசினார். கண்ணு, இங்கதான் கலங்கல் இருந்துச்சு, தாங்கல் ரொம்பினா இப்படித்தான் வழிஞ்சு கால்வாய்க்குப் போகும், இப்போ பாரு, கலங்கலுக்கு மேலயே உங்க பெரியப்பா காம்பவுண்டு எழுப்பிட்டாரு, அதான் நம்ம தெருவுக்குள்ள வருது என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். உனக்கு அனுப்புகிறேன் என்று நினைத்து அதை நம் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார். கண்ணாடி போடாமல் அனுப்பினால் இப்படித்தான். அழிப்பதற்குள் வெற்றிவேல் பார்த்துவிட்டான். அந்தக் காம்பவுண்டுக்குள்தான் அவன் அடுக்குமாடி கட்டப் போகிறான், ஞாயிற்றுக்கிழமையானால் பெருங்களத்தூர் பக்கமிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக இடம் பார்க்க வருகிறார்கள் என்று நீயே சொல்லிச் சிரித்தாய் அல்லவா.

அன்று சாயங்காலம் நான் குக்கரைக்கூட இறக்கவில்லை, அதற்குள் கேட்டை எட்டி உதைத்துக்கொண்டு உன் பெரியப்பா வந்துவிட்டார், பின்னாலேயே வெற்றிவேலும் முனியம்மா அக்காவும். இன்னாடா லோகு, உன் பொண்ணு அங்க குந்திகினு இங்க என் நெலத்த அளக்கறாளா, நீ கேமரா புடிச்சிகினு வழி காட்டறியா என்று கேட்டு அப்பாவின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அது படிப்புண்ணா என்று மட்டும் சொன்னார். வெற்றிவேல் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான், அது மூன்று துண்டாகிப் பூஜை அலமாரிக்கு அடியில் போயிற்று. சொந்த வூட்டு சொவத்த இடிக்கறதுக்குப் பேரு படிப்பா சித்தப்பா, அந்த ஊர்ல வேற பாடமே இல்லியா, தங்கச்சிய பில்டிங் பாடம் எடுக்கச் சொல்லு, படிச்சிட்டு வரட்டும், என் ஆபீஸ்லயே சீட்டு போட்டுத் தரேன் என்றான். அப்பா வழக்கம் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாரே தவிர சரி என்று சொல்லவில்லை. அது பெரியப்பாவை இன்னும் கிளறிவிட்டது. அவர் கையை மறுபடி ஓங்கினபோதுதான் முனியம்மா அக்கா நடுவில் புகுந்து, நாம இன்னாத்துக்கு அடிச்சிகினு சாவணும், வெள்ளிக்கிழமை ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பார்த்துடலாம், அவ சொன்னா யாரும் மூச்சு வுடக்கூடாது என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டோம். முதலில் சரி என்றது நான்தான் ஹேமா. போன புயலில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிக் கட்டில் மேல் அடுப்பை வைத்துச் சமைத்தவள்தான் நான், இருந்தாலும் அன்றைக்கு இரவெல்லாம், தாயே சிவப்புப் பூவே வரட்டும், என் பெண் பில்டிங் பாடமே படிக்கட்டும், வீட்டு ஆம்பிளைகள் அடித்துக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். நான் என்ன வேண்டினேன் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று என்னிடமும் சொல்லவில்லை.

வெள்ளை வந்தால் தண்ணீர்ப் பாடம், சிவப்பு வந்தால் பில்டிங் பாடம் என்று அன்றைக்கே வீட்டில் பேசிவைத்ததைச் சன்னதியில் நின்று பூசாரி முன்னால் மறுபடி சொல்லிக்கொண்டோம். நந்தியாவட்டை ஒன்று, செவ்வரளி ஒன்று, நான்தான் நம் வீட்டுக் கொல்லையிலிருந்து பறித்துக்கொண்டு போனேன். பெண்ணைப் பெற்றவன் கட்டட்டும் என்று பெரியப்பாவே அன்றைக்குச் சொல்லியிருந்ததால் அப்பா கிணற்றுப் பக்கம் திரும்பி நின்று வாழையிலைக் கிழிசலில் இரண்டு பொட்டலம் கட்டினார். கட்டுகிறவர் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது என்பதால் யாரும் பார்க்கவில்லை. பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். அந்தப் பக்கம் புதிதாக வந்திருக்கிற குடியிருப்பிலிருந்து ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள், அந்தச் சின்மயியைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், என் வேண்டுதல் போயிற்றே என்று. பெரியப்பா முகம் சுண்டிப்போனாலும், சரி, ஆத்தா சொல்லிட்டா, வுடு என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதோடு போயிருக்கும், கண்ணு. ஆனால் அப்பா அவசர அவசரமாகக் குனிந்து இரண்டாவது பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார். முனியம்மா அக்காவின் கண்ணுக்கு எது தப்பும். மத்ததையும் பிரி லோகு, செவப்பு கீதான்னு பாத்துட்டுப் போவோம் என்றார். அப்பா பிரிக்கவில்லை. பெரியப்பா பிடுங்கிப் பிரித்தார். அதிலும் வெள்ளைதான் இருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை வாங்கின அடி, கொடுத்த அடி இரண்டையும் எழுதுகிறேன், ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கு ஆகாது. பெரியப்பா சன்னதிப் படியில் இருந்த பித்தளைக் கைமணியை எடுத்து அப்பாவின் நெற்றியில் அடித்தார். மணி ஒலித்தது, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, தீபாராதனைக்கு அடிக்கிற அதே சத்தம். ரத்தம் புருவத்தில் இறங்கி வாய்க்குள் போயிற்று. ஆத்தாளையே ஏமாத்தறியா, எங்கூடப் பொறந்த நாய் நீ என்று கத்திக்கொண்டு மறுபடி அடித்தார், அது தோளில் பட்டது. அப்பா கீழே விழவில்லை, வெற்றிவேல் பின்னாலிருந்து பிடித்து அவருடைய வலது கையை முறுக்கிப் பலிபீடத்தில் வைத்து அழுத்தினான், காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அப்பா கத்தவே இல்லை, அம்மா என்று மெதுவாகத்தான் சொன்னார், அம்மனைச் சொன்னாரா செத்துப்போன தன் தாயைச் சொன்னாரா தெரியவில்லை. பூசாரி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். சின்மயியின் தாய் குழந்தையின் முகத்தைத் தன் வயிற்றில் பொத்திக்கொண்டு ஓடினாள். என் கையில் அர்ச்சனைத் தட்டு இருந்தது. அதிலிருந்து உடைக்காத தேங்காயை எடுத்துப் பெரியப்பாவை நோக்கி வீசினேன், காதோடு தாடையில் பட்டு அவர் அப்படியே உட்கார்ந்தார். பிறகு வெற்றிவேலின் மணிக்கட்டைக் கடித்தேன், அவன் என் தலைமுடியைப் பிடித்து உலுக்கினான், நான் விடவில்லை, அப்பாவின் கையை அவன் விட்டபிறகுதான் நான் பல்லை எடுத்தேன். என் வாயிலும் ரத்தம், அது என்னுடையது இல்லை. பியூலா டீச்சர் உள்ளே வந்து, ஐயோ கர்த்தரே, வெற்றி, உனக்கு நான் ஏபிசிடி சொல்லிக் குடுத்தேனே, கைய எடுடா என்று போட்ட கூச்சலில்தான் அவர்கள் நின்றார்கள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் சட்டையைக் கத்தரித்து எடுத்தார்கள். அதன் பையில் அந்தச் செவ்வரளி கசங்கிக் கிடந்தது, நான் பறித்துக் கொடுத்தது. ஒரே வெள்ளைப் பூதானே கொண்டு போனோம், இன்னொன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், விடியற்காலையிலேயே டீச்சர் வீட்டு வேலியில் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாராம். நெற்றியில் தையல் போட்டுக்கொண்டே இருக்கும்போது, சாமியையே ஏமாத்திட்டீங்களே என்று நான் அழுதேன். நான் ஆத்தாள ஏமாத்தல குணா, அண்ணனத்தான் ஏமாத்தினேன், அவளுக்கு எது என்னன்னு தெரியும், என் பொண்ணு எதைப் படிக்கணும்னு ஒரு சின்னப் பொட்டலம் ஏன் சொல்லணும் என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தன் அண்ணனுக்கு எதிராகச் சொன்ன முதல் பேச்சு அதுதான். டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டதற்குப் படியில் விழுந்துட்டேன் என்று சொல்லப் போனார், நான் குறுக்கிட்டு, இல்லை சார், இவங்க அண்ணன் மணியால அடிச்சாரு, அண்ணன் மகன் கையை முறிச்சான் என்று சொல்லி எழுதவைத்தேன். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிருக்கிறது, தகடு வைத்துக் கட்டியிருக்கிறார்கள், விரல் அசைகிறது. கேன் தூக்க இனி ஆள் வைக்க வேண்டும், அந்தச் செலவையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அங்கே பகுதிநேர வேலையைக் கூட்டிக்கொண்டு பணம் அனுப்பக் கிளம்பிவிடாதே.

இது முடிந்தது என்று நினைக்காதே. நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையில் வெற்றிவேல் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, வாசலில் அடுக்கி வைத்திருந்த கேன்களையெல்லாம் கத்தியால் குத்திவிட்டான். தெரு முழுக்க நல்ல தண்ணீர் ஓடிற்று. தண்ணி படிக்கிறாளா உன் பொண்ணு, இந்தா தண்ணி, இத எங்க போவுதுன்னு படம் போடச் சொல்லு, அவ ஊருக்கு வரட்டும், ஏர்போர்ட்ல எறங்கினா பல்லாவரம் தாண்ட மாட்டா என்று கத்தினான். நான் அரிவாள்மணையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளே நின்றேன். அவன் கட்டுப் போட்ட மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி, சித்தியா நீ, வெறிநாய் என்றான். இன்னொரு கையும் இருக்குதில்ல, கொண்டா என்றேன். எனக்கே என் குரல் பயமாக இருந்தது. அன்றைக்கே டீச்சரோடு ஸ்டேஷனுக்குப் போய்க் கோயிலில் நடந்தது, கேனைக் குத்தினது, உன்னை மிரட்டினது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். அங்கே போனபிறகுதான் தெரிந்தது, தேங்காயால் அடித்தேன் என்று என் பேரிலும் பெரியப்பா ஒரு புகார் கொடுத்திருக்கிறார், காதில் கட்டோடு வந்தாராம். இருக்கட்டும், அடித்தது உண்மைதானே, கேட்டால் ஆமாம் என்பேன். அப்பாவுக்குத்தான் அண்ணன் மேல் கேஸ் கொடுத்துவிட்டாயே என்று மனசு ஆறவில்லை, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, இப்போது பேசுகிறார், சோறு ஊட்டிவிட வேண்டியிருக்கிறதே.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ டீச்சர் போனுக்கு, அம்மா நான் அந்தப் பாடத்தை விட்டுவிடுகிறேன், பெரியப்பாவிடம் சொல்லிவிடு, பில்டிங் பாடத்துக்கு மாறிக்கொள்கிறேன், வெள்ளிக்கிழமை வரைக்கும் மாற்றலாம் என்று அனுப்பியிருந்தாய். டீச்சர் படித்துக் காட்டினபோது அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் ஐந்தாவதோடு நின்றவள், நீ பள்ளிக்கூடத்தில் படிக்கப் படிக்க உன் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதப் படிக்கத் தேறினவள், உன் பல்கலைக்கழகப் படிப்பில் எது பெரிது எது சிறிது என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் பயந்துகொண்டு ஒன்றை எடுக்காதே. பில்டிங் பாடம் உனக்கு உண்மையில் பிடித்திருந்தால் எடு, அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அவர் வருத்தப்பட மாட்டார். பெரியப்பாவுக்காக எடுக்காதே, முறிந்த கைக்காகவும் எடுக்காதே. அதே மாதிரி அப்பா அடி வாங்கினாரே என்பதற்காகத் தண்ணீர்ப் பாடத்தையும் எடுக்க வேண்டாம், அதுவும் ஒரு மிரட்டல் மாதிரிதான் ஆகிவிடும். அங்கே மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிற அம்மாவிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேள், வெட்கப்படாதே. இங்கே படித்த இரண்டு பாடத்தை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றாயே, அதை அப்படியே விட்டுவிடாதே, பாடத்திட்டம் வேண்டுமென்றால் டீச்சர் கல்லூரியில் போய் வாங்கி அனுப்புகிறேன் என்றிருக்கிறார். முதல் செமஸ்டரிலேயே எல்லாம் கடினமான பாடமாக அடுக்கிக்கொள்ளாதே, ஒன்றாவது நீ மூச்சு விடுகிற மாதிரி இருக்கட்டும். விடிகாலை வகுப்பு எதையும் எடுக்காதே, நீ எழுந்திருக்க மாட்டாய் என்று உன்னைப் பெற்ற எனக்குத் தெரியும், அப்புறம் பனியில் பஸ்ஸுக்கு ஓடி விழுந்து வைப்பாய். ஊருக்கு இப்போதைக்கு வர வேண்டாம், நான் சொல்லும்போது வந்தால் போதும், வெற்றிவேல் போன் செய்தால் எடுக்காதே.

இன்றைக்குக் காலையில் தனியாகக் கோயிலுக்குப் போனேன். ஒரு நந்தியாவட்டை, ஒரு செவ்வரளி, இந்தத் தடவை நானே இலையில் கட்டினேன், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு, ஏமாற்று இல்லை. பூசாரி என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார், தட்டில் தேங்காய் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பொட்டலங்களை வாங்கி வைத்தார், படியில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். பலிபீடத்தில் அப்பாவின் ரத்தத்தைக் கழுவியிருந்தார்கள், மூலையில் கொஞ்சம் இன்னும் கறையாக இருந்தது. வேண்டாம் சாமி என்று சொல்லிவிட்டு, இரண்டு பொட்டலத்தையும் நானே பிரித்து, இரண்டு பூவையும் அம்மன் தலையில் வைக்கச் சொன்னேன். கேட்க வந்ததைக் கேட்காமல் போறியேம்மா என்றார். கேக்க வேண்டியவ வெளியூர்ல இருக்கா, அவளையே கேட்டுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எல்லையம்மன் உனக்கு நல்ல புத்தியும் திடமும் கொடுக்கட்டும், நூறு வயசுக்கு நன்றாக இரு. நான் கொடுத்தனுப்பிய திருநீறு தீர்ந்திருந்தால் சொல், டீச்சரின் அக்கா மகள் அடுத்த மாதம் அந்தப் பக்கம் வருகிறாள். எண்ணெய் தேய்த்துத் தலை குளி. அப்பா இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகுகிறார், கீழே பார், பேரில் பாதிதான் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஐந்தாவது பாடம் எதை எடுத்தாய் என்று டீச்சர் போனுக்குச் சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா குணசுந்தரி

லோகநா